பழைய இசைக்கருவிகளை அறைகலனாக்கல்

பழைய இசைக்கருவிகளை அறைகலனாக்கல் என்பது, இசைப்பதற்கு இனிப் பயன்படாத நிலையை அடைந்துவிட்ட ஆர்மோனியம், பியானோ முதலிய கருவிகளின் மரக்கூட்டைச் சிதைக்காமல், அதனை எழுதுமேசை, நூலடுக்கு, பேழை போன்ற வீட்டுப் பயன்பாட்டுப் பொருளாக மாற்றியமைத்தலைக் குறிக்கும். நரம்பு, நாக்கு, துருத்தி, தோல் ஆகியவை கெட்டுப்போன பின்னரும் இக்கருவிகளின் கூடு பல ஆண்டுகள் உறுதியாக நிற்கும். நன்கு உலர்ந்த, முற்றிய மரத்தால் அவை செய்யப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். இன்று அத்தகைய மரத்தை விலைக்கு வாங்குவது எளிதன்று.

ஆயினும் இம்மாற்றம் பெரும்பாலும் மீளமுடியாதது. ஒலிக்காத கருவி எல்லாம் பழுதுநீக்க முடியாத கருவி என்று கொள்ளுதல் தவறு. கிழிந்த துருத்தி ஒன்றினால் மட்டும் ஊமையாகிப்போன நல்ல கால் ஆர்மோனியம், மேசைக்காக அறுக்கப்படுவதும் உண்டு. எனவே எவ்வாறு மாற்றுவது என்பதற்கு முன்னர், மாற்றலாமா என்பதை முடிவு செய்தல் வேண்டும்.

வரலாறு

இசைக்கருவியும் அறைகலனும் ஒன்றுக்கொன்று நெருங்கியவையாகவே நெடுங்காலம் இருந்துவந்துள்ளன. இலண்டனில் 1760களில் யோகன்னசு சும்பே என்பார் செய்த சதுரப் பியானோ, பெயரில் சதுரமாயினும் உண்மையில் நீள்சதுர வடிவினது. நான்கு கால்களின் மேல் நிற்கும் அது, மூடியபோது மேசையாகவே தோற்றமளிக்கும். பாரிசு நகரில் பணியாற்றிய யோகான் என்றி பாப்பே (1789-1875), வட்ட மேசை, அறுகோண மேசை வடிவங்களிலேயே பியானோக்களைச் செய்தார். அதாவது, அறைகலனுக்குள் இசைக்கருவியை ஒளித்துவைக்கும் முயற்சி முதலில் நிகழ்ந்தது; இசைக்கருவியை அறைகலனாக்குதல் அதற்குப் பின்னர் வந்தது.

நிமிர்நிலைப் பியானோ பரவியதும் சதுரப் பியானோக்களின் மதிப்பு வீழ்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பல சதுரப் பியானோக்கள் உள்ளுறுப்புகள் நீக்கப்பட்டு எழுதுமேசைகளாயின. அதன் பின்னர் இதே நிலை கால்மிதி நாக்கிசைப் பெட்டிகளுக்கு ஏற்பட்டது. அமெரிக்காவின் வெர்மாண்டு மாநிலத்திலுள்ள பிராட்டில்பரோ நகரில் இயங்கிய எசுட்டி நிறுவனம் மட்டும், 1960இல் மூடப்படும் வரை 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைச் செய்தது. மின்னணு விசைப்பலகைகள் வந்தபின் இவற்றை வாங்குவோர் அருகினர்.

இவ்வகைப் பெட்டிகள் தமிழ்நாட்டுக்கு இரு வழிகளில் அறிமுகமாயின. ஒன்று கிறித்தவத் திருச்சபைகள். மற்றொன்று நாடக மேடை. அமெரிக்க மதுரை மிசன் 1835ஆம் ஆண்டில் திண்டுக்கல்லில் தனது நிலையத்தை அமைத்தது. அதே மிசனைச் சேர்ந்தோர் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். இன்று இவ்விரு ஊர்களும் திண்டுக்கல் மாவட்டத்திலேயே உள்ளன. நாடக மேடையைப் பொறுத்தவரை, சங்கரதாசு சுவாமிகள் (1867-1922) காலத்து இசை நாடகங்களில் ஆர்மோனியக்காரர் தவிர்க்கமுடியாத இடத்தைப் பெற்றிருந்தார். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களில் ஒலிக்கவிடாமல் விலக்கி வைத்திருந்தபோதும், மேடையில் அது விலகவில்லை.

பழைய மரப்பொருளை வேறொன்றாக மாற்றிப் பயன்படுத்துவது தமிழகத்துக்குப் புதிதன்று. திண்டுக்கல்லுக்குக் கிழக்கே காரைக்குடியில், முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் விற்கப்படுகின்றன. அவை வேறு வீடுகளில் மேசையாகவும் நிலைக்கண்ணாடிச் சட்டமாகவும் மறுவாழ்வு பெறுகின்றன. இசைக்கருவியை மாற்றுவதும் இதே மரபின் நீட்சி எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கதவு தன் கதவுத் தன்மையை இழப்பதால் எவருக்கும் பெரிய இழப்பில்லை.

மாற்றுவதற்கு முன் ஆராயவேண்டியவை

கால் ஆர்மோனியத்தில் ஒலி வராமைக்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது துருத்தித் துணியின் வெடிப்பு, அல்லது எலியும் பூச்சியும் தின்ற தோல் அடைப்பான்கள். இவை இரண்டும் மாற்றத்தக்கவை. பித்தளை நாக்குகள் நூறாண்டு கடந்தும் கெடுவதில்லை. தூசி அடைந்து ஊமையாகியிருக்கும், அவ்வளவே. எனவே நாக்குகள் முழுமையாகவும் கூடு உறுதியாகவும் இருப்பின், அதனை மேசையாக்குவதைவிடப் பழுதுநீக்குவதே சிறந்தது. ஆர்மோனியம் பழுதுபார்ப்பவர் ஒருவரைக் கொண்டு முதலில் பார்ப்பது நல்லது.

பியானோவின் நிலை இதற்கு நேர்மாறானது. நரம்புகளைப் பிடித்திருக்கும் முறுக்காணிகள் செருகப்பட்ட ஆணிப்பலகை வெடித்திருந்தால் சுருதி நிற்காது. வார்ப்பிரும்புச் சட்டத்தில் கீறல் விழுந்திருந்தால் அக்கருவி முடிந்தது என்றே கொள்ளலாம். இவற்றைச் சீர்செய்யும் செலவு, சாதாரண பியானோ ஒன்றின் விலையை எளிதில் விஞ்சிவிடும். ஒலிப்பலகையில் காணப்படும் மெல்லிய வெடிப்பு மட்டும் அவ்வளவு அச்சத்துக்குரியதன்று. வெடித்த ஒலிப்பலகையுடன் நன்கு ஒலிக்கும் பியானோக்கள் பல உள்ளன.

கூடு உளுத்திருந்தாலோ, கறையான் அரித்திருந்தாலோ அது அறைகலனாவதற்கும் தகுதியற்றதாகும். விரற்கணுவால் தட்டிப் பார்க்கையில் வெற்றொலி எழும் இடங்களிலும், அடிப்பலகையின் உட்புறத்திலும் ஊசியால் குத்திச் சோதித்தல் வேண்டும். உளுவண்டு இன்னும் உயிருடன் இருப்பின் துளைகளின் கீழ்ப் புதிய மரத்தூள் உதிர்ந்திருக்கும். இத்தகைய கூட்டை மருந்திடாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரச்சாமான்களுக்கும் அது பரவும்.

கால் ஆர்மோனியம் எழுதுமேசையாதல்

இம்மாற்றத்துக்கு மிகவும் ஏற்றது கால் ஆர்மோனியமே. அதன் கட்டைகள் இருக்கும் உயரம் எழுதுமேசையின் உயரத்துக்கு (72 முதல் 75 செ.மீ.) நெருங்கியது. அமர்ந்து மிதிக்கவேண்டிய கருவியாதலால் முழங்காலுக்கான இடமும் அதில் முன்னரே அமைந்துள்ளது. மேலும் பியானோவைப் போல இரும்புச் சட்டமோ இழுவிசையோ இல்லாததால், அதனைப் பிரிப்பதில் ஆபத்து இல்லை.

தமிழில் கால் ஆர்மோனியம் என்ற பெயரால் வழங்கும் கருவிகள் இருவகைப்படும். ஐரோப்பிய முறையில் துருத்தி காற்றை நாக்குகளின் வழியே வெளியே தள்ளும். அமெரிக்க முறையில் துருத்தி காற்றை உள்ளிழுக்கும். பிரிக்கும் முறையில் பெரிய வேறுபாடு இல்லையாயினும், அமெரிக்கப் பெட்டிகளில் துருத்தித் தொகுதி பெரிது; ஆகவே அதனை நீக்கியபின் கிடைக்கும் வெற்றிடமும் பெரிது.

முதலில் பின்பலகையைத் திருகாணி கழற்றி எடுத்து, உள்ளே உள்ளவாறே பல ஒளிப்படங்கள் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் கண்ணாடியும் சிறு தட்டுகளும் கொண்ட மேற்கட்டு, அதன்பின் கட்டைகளின் சட்டம், அதன்பின் நாக்குகள் செருகப்பட்ட பலகை, இறுதியாகத் துருத்தி என்னும் வரிசையில் கழற்றப்படும். கட்டைகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றிலும் எண் குறித்தல் நன்று. 61 கட்டைகள் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. நாக்குகளைத் தனித்தனியே பிடுங்காமல் பலகையோடு எடுத்து, துணியில் சுற்றி வைத்தால் அவை பழுதுபார்ப்பவர்களுக்குப் பயன்படும். கை ஆர்மோனியத்துக்கான நாக்குகளுக்குக் குசராத்தின் பாலித்தானா ஊர் பெயர்பெற்றது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது; பழைய நல்ல நாக்குகளுக்கு இன்றும் தேவை உண்டு.

துருத்தித் தொகுதியை எடுத்தபின் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. துருத்தி பொருத்தப்பட்டிருந்த கனமான பலகையே இரு பக்கச் சுவர்களையும் இணைத்து நிறுத்திய குறுக்குச் சட்டமாகவும் இருந்தது. அதனை நீக்கியவுடன் கூடு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மேற்பலகையை மட்டும் பதித்து எழுத உட்கார்ந்தால் சில மாதங்களில் மூட்டுகள் கழன்றுவிடும். ஆகவே அப்பலகையைத் துருத்தியிலிருந்து பிரித்து மீண்டும் அதே இடத்தில் பொருத்துதல் வேண்டும். இயலாதபோது அதே அகலத்தில் புதிய குறுக்குச் சட்டமும், முதுகில் ஒட்டுப்பலகையும் வைத்தல் வேண்டும்.

கட்டைகள் இருந்த இடத்தில் எழுதுபலகை அமைக்கப்படுகின்றது. அது கட்டைகளின் மேல்மட்டத்துக்கு உயர்த்தப்படாமல் தாழ்ந்து இருந்தால் முழங்கால் இடிக்கும் அளவுக்கு மேசை தாழ்ந்துவிடும். மிகவும் உயர்ந்தாலோ பழைய மூடி மூடாது. மூடி மூடவேண்டும் என்பது முக்கியம். வேலை முடிந்ததும் தாள்களோடு அப்படியே மூடிவைக்கக்கூடியதே இம்மேசையின் சிறப்பு. எழுதுபலகையின்மேல் மெல்லிய தோல் ஒட்டும் வழக்கமும் உண்டு. தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் இதற்கான ஆட்டுத்தோலைத் தேடி அலையவேண்டியதில்லை.

டயபேசன், டல்சியானா, வயோலா, வாக்சு ஊமானா என்று பெயர் பொறித்த இழுகுமிழ்களைக் கழற்றாமல் விடுவதே அழகு. சிலர் அவற்றைப் பின்னால் வரும் சிற்றறைகளின் கைப்பிடிகளாக்குகின்றனர். (வாக்சு ஊமானா என்பதற்கு மனிதக் குரல் என்பது பொருள். உண்மையில் அக்குமிழை இழுத்தால் உள்ளே ஒரு சிறு விசிறி சுழன்று ஒலியை நடுங்கச் செய்யும். மனிதக் குரல் எதுவும் கேட்பதில்லை.) மிதிகட்டைகளை நிலையாகப் பதித்தால் காலை வைத்துக்கொள்ள ஏந்தாக இருக்கும். மேற்கட்டின் சிறு தட்டுகள் நூல்களுக்குப் போதும், ஆனால் கனமான அகராதிகளைத் தாங்கா.

கை ஆர்மோனியத்தின் பெட்டி சிறியது. துருத்தியை நீக்கி, உள்ளே தடுப்புகள் வைத்தால், வணிகர் தரையில் அமர்ந்து பயன்படுத்தும் கல்லாப்பெட்டியை ஒத்த ஒன்றாக அது அமையும்.

நிமிர்நிலைப் பியானோ

பியானோவைப் பிரித்தல் தச்சர் தனியே செய்யத்தக்க பணியன்று. ஒரு பியானோவில் 200க்கும் மேற்பட்ட எஃகு நரம்புகள் உள்ளன. அவை அனைத்தும் சேர்ந்து சட்டத்தின்மீது செலுத்தும் இழுவிசை 15 முதல் 20 டன் வரை இருக்கும். நரம்புகளை வெட்டுகருவியால் வெட்டுவது மிகவும் ஆபத்தானது. வெட்டுண்ட நரம்பு சாட்டைபோல் வீசிக் கண்ணைக் கெடுக்கக்கூடும். மேலும் ஒருபுறத்து இழுவிசை மட்டும் திடீரென நீங்கினால் வார்ப்பிரும்புச் சட்டம் வெடிக்கலாம். சுருதி சேர்க்கும் திறவுகோலால் எல்லா முறுக்காணிகளையும் சிறிது சிறிதாக, கருவியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பலமுறை சுற்றிவந்து தளர்த்தவேண்டும். கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிதல் கட்டாயம்.

அடுத்த இடர் எடை. நிமிர்நிலைப் பியானோ 200 முதல் 300 கி.கி. வரை எடையுடையது. எடையின் பெரும்பகுதி முதுகுப்புறத்தில் இருப்பதால், முன்புறத்துக் கட்டைகளையும் சுத்தியல் பொறியையும் எடுத்தவுடன் அது பின்னோக்கிச் சாயும் இயல்புடையதாகின்றது. முதுகைச் சுவரோடு அணைத்து வைத்தோ, மெத்தை விரித்து மல்லாக்கக் கிடத்தியோ வேலை செய்யப்படுகின்றது. இரும்புச் சட்டத்தைத் தூக்க நான்கு பேராவது வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில், பாதி பிரித்த பியானோவை இரவு முழுதும் கூடத்தில் நிறுத்திவைத்தல் கூடவே கூடாது.

சட்டம் நீங்கிய பியானோ, ஆழம் குறைந்த உயரமான அலமாரியாகும். நூலடுக்கு, கண்ணாடிக் கலங்கள் வைக்கும் அடுக்கு, மேற்பகுதியில் அடுக்கும் கீழ்ப்பகுதியில் மேசையும் கொண்ட அமைப்பு ஆகியவையாக இது மாற்றப்படுகின்றது. உள்ளிருந்து எடுக்கும் ஒலிப்பலகை பெரும்பாலும் நெருங்கிய இழைகளையுடைய இசுபுரூசு மரத்தாலானது. அதனை அடுக்குத்தட்டாக்குவது வீண். இசைக்கருவி செய்வோருக்கு அது பயன்படும்.

பழைய பியானோவின் மெருகு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியது. சூடான குவளையை வைத்தால் வெள்ளை வளையம் விழும். இதனால் பழைய மெருகைக் காக்க விரும்புவோர் அப்பரப்பை உணவு மேசையாகப் பயன்படுத்துவதில்லை.

யானைத் தந்தம்

பழைய ஐரோப்பியப் பியானோக்களின் வெள்ளைக் கட்டைகள் தந்தத்தகடு ஒட்டியவையாக இருக்கலாம். தந்தத்தில் நுண்ணிய வளைகோடுகள் தெரியும். மேலும் ஒரு கட்டையின்மேல் இரு துண்டுகளாக ஒட்டப்பட்டு, கறுப்புக் கட்டையின் முனைக்கு அருகில் மெல்லிய இணைப்புக் கோடு காணப்படும். செல்லுலாயிடு தகடு பெரும்பாலும் ஒரே துண்டு, கோடுகள் இரா. அது எளிதில் தீப்பற்றும் என்பதால் உரசித் தேய்க்கும் பொறியை அதன்மேல் செலுத்தக்கூடாது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதில் 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் செய்யப்பட்ட திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடை செய்துள்ளன. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தத்தையும் உட்படுத்தியது. ஆகவே கருவியிலிருந்து கழற்றிய தந்தத்தகடுகளை விற்பதும், அவற்றை வேறு அணிகலனாகச் செதுக்கி விற்பதும் குற்றமாகும். பழமையானது என்பது விலக்காகாது. தந்தம் எனத் தெரிந்தால் எதையும் கழற்றுவதற்கு முன்னர் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

வீணை, மிருதங்கம், தவில்

நம் நாட்டுக் கருவிகளை இவ்வாறு மாற்றுவதற்கு இடம் குறைவு. மிருதங்கம், தவில் ஆகியவற்றின் பலாமரக் கட்டை, தோல் தேய்ந்ததும் மீண்டும் மீண்டும் மூட்டுக்கட்டிப் பயன்படுத்தும் வகையில் செய்யப்பட்டது. நாதம் நிறைந்த பழைய கட்டையைக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணுவர். தோல் கிழிந்த மிருதங்கத்தைப் பழுதடைந்தது என எண்ணிச் சிறு மேசைக்குக் காலாக்குவது, சுண்ணாம்பு உதிர்ந்ததற்காக வீட்டை இடிப்பதை ஒக்கும். நெடுக வெடித்த கட்டைகளே இதற்குரியன.

தஞ்சாவூர் வீணையும் பலாமரத்தாலானதே. குடம் உடைந்த வீணையைச் சுவரில் அணியாகப் பொருத்துவோர் உள்ளனர். இருக்கை, காலணி அடுக்கு போன்றவையாக இக்கருவிகளை மாற்றுவதைப் பலர் ஏற்பதில்லை. ஆயுத பூசை நாளில் சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு வணங்கப்பட்ட ஒன்றின்மேல் அமர்வது அவர்களுக்கு ஒவ்வாது. கருவி வேறொருவருடைய குடும்பத்திலிருந்து வந்திருப்பின், அவர்களிடம் நோக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறையாகும்.

திண்டுக்கல் சமவெளியில் கவனிக்கவேண்டியவை

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள ஈரமான குளிர்ப்பகுதி. திண்டுக்கல் நகரோ 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த வறண்ட சமவெளி. மலையிலிருந்து இறக்கிய கருவியின் மரம் சமவெளியில் ஈரம் இழந்து சுருங்கும். வந்த மறுநாளே அளவெடுத்து அறுத்தால் பின்னர் மூட்டுகளில் இடைவெளி தோன்றும். கருவியைப் பயன்படுத்தப்போகும் அறையிலேயே சில வாரங்கள், சுவரை ஒட்டாமலும் வெயில் படாமலும் நிறுத்தி வைத்தபின் தொடங்குவதே சரி.

சமவெளிக்குள்ளும் பருவ வேறுபாடு உண்டு. சித்திரை, வைகாசியில் அளவு துல்லியமாகச் செய்த இழுப்பறை, ஐப்பசி அடைமழையில் திறக்காமல் இறுகிவிடும். மரம் இழையின் குறுக்கே உப்புமே அன்றி நீளவாக்கில் குறிப்பிடத்தக்க அளவு உப்பாது. எனவே கோடையில் செய்யும் இழுப்பறை முகப்புகளுக்கு மேற்பக்கம் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விடப்படுகின்றது.

பழைய கருவிகளின் மூட்டுகளும் வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தோலும் தச்சர்கள் வச்சிரம் என்றழைக்கும் விலங்குப் பசையால் ஒட்டப்பட்டவை. கடும் வறட்சியில் அப்பசை நொறுங்கி, வெனீர் மேலெழும். வெந்நீரில் நனைத்த துணியும் மிதமான சூடும் கொண்டு பழைய வச்சிரத்தை இளக்கி அழுத்தினாலே பல இடங்களில் அது மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அவ்விடங்களில் வெள்ளை நெகிழிப் பசையை இடுதல் ஏற்றதன்று. அது ஒருமுறை இறுகினால் பின்னர் மரத்தைக் கிழிக்காமல் பிரிக்கமுடியாது. வச்சிரம் அவ்வாறன்று, நூறாண்டு கழித்தும் இளக்கிப் பிரிக்கலாம்.

கறையானைத் தடுக்கப் பெட்டி நேரடியாகத் தரையைத் தொடாதவாறு கல் அல்லது பித்தளைக் குமிழ்களின்மேல் நிறுத்தப்படுகின்றது. மெருகிடாத உட்புறத்திலும் அடிப்புறத்திலும் போராக்சு, போரிக் அமிலக் கரைசலைப் பூசி உலரவிடலாம். கம்பளித்துணி ஒட்டிய பகுதிகள் எஞ்சியிருந்தால் அவற்றை எடுத்துவிடவேண்டும். அந்துப்பூச்சி அங்குதான் முட்டையிடும்.

மூடியுடன் கூடிய எழுதுமேசைக்குப் பூட்டு வேண்டும். பழைய கருவிகளின் மூடியிலேயே பூட்டுக்கான வெட்டு இருக்கும், பூட்டு இராது, அல்லது சாவி தொலைந்திருக்கும். கையால் செய்யப்படும் பூட்டுகளுக்குப் புகழ்பெற்ற திண்டுக்கல்லில் (திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது) இது பெரிய குறையன்று. பழைய வெட்டைப் பெரிதாக்கிப் புதிய ஆயத்தப் பூட்டைப் பொருத்துவதைவிட, இருக்கும் பூட்டுக்குச் சாவி செய்வித்தல் செலவு குறைந்தது, மரமும் பிழைக்கும்.

பதிவும் எஞ்சிய பகுதிகளும்

பெரும்பாலான ஆர்மோனியங்களிலும் பியானோக்களிலும் செய்தோர் பெயரும் தொடரெண்ணும் உட்புறத்தில் எங்கேனும் பொறிக்கப்பட்டிருக்கும். பியானோவில் இரும்புச் சட்டத்தின் மேற்புறத்திலும், நாக்கிசைப் பெட்டிகளில் பின்பக்கத்திலோ கட்டைகளின் சட்டத்திலோ தேடலாம். தொடரெண்ணைக் கொண்டு பல நிறுவனங்களின் கருவிகளுக்குச் செய்யப்பட்ட ஆண்டைக் கணிக்கமுடியும். சில வேளைகளில் சுருதி சேர்த்தவர்கள் தம் பெயரையும் நாளையும் பென்சிலால் எழுதிவைத்திருப்பர். தேய்ப்புத்தாள் படும் முன்னர் இவற்றைப் படியெடுத்துக்கொள்ளுதல் வேண்டும். கருவியின் பெயர், தொடரெண், கிடைத்த ஊர், மாற்றிய ஆண்டு, எடுக்கப்பட்ட பகுதிகள் எங்கு வைக்கப்பட்டுள்ளன என்னும் விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மேசையின் இழுப்பறைக்கு அடியில் ஒட்டிவைப்பது வழக்கம்.